24 மணி நேரம் என்னும் கோடு

மருத்துவமனைக்கு வரும் முதியவர் ஒருவரின் கேஸ் ஷீட்டில் நாங்கள் முதலில் எழுதுபவற்றுள் ஒன்று, அவர் எவ்வகை நோயாளி என்பது. புறநோயாளி, அவசரப் பிரிவில் கண்காணிப்பில் இருப்பவர், பகல்நேர சிகிச்சை பெறுபவர், உள்நோயாளி என்னும் நான்கில் ஒன்றாக அது இருக்கும். மருத்துவருக்கு இது வார்டையும் செவிலியரையும் ஒதுக்குவதற்கான குறிப்பு. நோயாளியின் குடும்பத்துக்கோ, கட்டணத்தில் எவ்வளவு தம் கையிலிருந்து போகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இக்குறிப்புதான். எனினும் இதனை விளக்கிச் சொல்வோர் குறைவு, கேட்போரும் குறைவு. பணம் கட்டும் முகப்பில் நிற்கும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது. அதற்குள் மாற்றுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

இந்தியாவில் விற்கப்படும் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் 'மருத்துவமனை சேர்க்கை' என்பதற்கு ஒரே பொருள்தான் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த வரையறை அது. தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை பெற்றால்தான் அது சேர்க்கை. இதற்கு விலக்காகப் பகல்நேர சிகிச்சைகள் உள்ளன. முன்பு ஒரு நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்து, இப்போது மருத்துவத் தொழில்நுட்ப வளர்ச்சியால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சிகிச்சைகள் இவ்வகையில் அடங்கும். கண்புரை அறுவை, டயாலிசிஸ், ரத்த நாளம் வழியாகத் தரும் புற்றுநோய் மருந்துகள் ஆகியவை நம் மருத்துவமனையில் நாள்தோறும் நடக்கும் எடுத்துக்காட்டுகள். விழிக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் இப்போது இவ்விலக்கின்கீழ் ஏற்கப்படுகிறது. பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. வழக்கமாகப் புறநோயாளியாகவே பெறும் சிகிச்சை எதுவும் இதில் சேராது.

மேலும் ஒரு விதி உண்டு. முக்கியமாகப் பரிசோதனைக்காகவே சேர்ந்திருந்தால் அச்செலவு கிடையாது. தலைசுற்றலோடு வந்த பெரியவரை இரண்டு நாள் வைத்திருந்து, எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்லாம் இயல்பு என்று கண்டு, மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், 24 மணி நேரம் கடந்திருந்தும் க்ளெய்ம் மறுக்கப்படக்கூடும். 'புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம்' என்னும் ஒரு வரிக் கடிதம் வரும்.

முதியோர் மருத்துவத்தில் இக்கோடு படுத்தும் பாட்டைச் சொல்ல இரண்டு நிலைமைகளை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஒரு குடும்பத்தையும் குறித்து இவற்றை எழுதவில்லை. எங்கள் துறையில் பணியாற்றும் எவரும் மாதந்தோறும் காண்பவை இவை.

எழுபது கடந்த பெரியவர் ஒருவருக்கு இரவு எட்டு மணிக்கு நெஞ்சில் பாரம். பூதப்பாண்டியிலிருந்தோ குளச்சலிலிருந்தோ ஆட்டோவில் அழைத்து வருகிறார்கள். ஈ.சி.ஜி. எடுக்கிறோம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் உயரும் டிரோபோனின் என்னும் புரதத்தைச் சோதிக்கிறோம். முதல் சோதனை இயல்பாக இருந்தாலும் போதாது. அடைப்பு தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தால் அது உயர்ந்திராது என்பதால், சில மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அதுவரை அவர் மானிட்டரில் இருக்க வேண்டும். விடியற்காலையில் எல்லாம் இயல்பு என்று தெரிகிறது. காலை பத்து மணிக்கு எக்கோ பார்த்து, மருந்துகளைச் சீர்செய்து, அவரை வீட்டுக்கு அனுப்பலாம். மொத்தம் 14 மணி நேரம். இச்செலவு முழுவதையும் அக்குடும்பமே ஏற்க வேண்டும். அவருக்கு மாரடைப்பு உறுதியாகி, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஐந்து நாள் தங்கியிருந்தால் ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ காப்பீட்டிலிருந்து வந்திருக்கும். நோய் இல்லை என்று தெரிந்ததற்காக அவர் அபராதம் கட்டுவது போன்றதே இது.

அடுத்த நிலைமை இதற்கு நேர் எதிரானது. சர்க்கரை நோய்க்கு நெடுநாளாக மாத்திரை எடுக்கும் பாட்டி ஒருவர், இரண்டு நாள் காய்ச்சலால் சரியாக உண்ணவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். விடியற்காலையில் எழுப்பினால் எழவில்லை. ரத்தச் சர்க்கரை நாற்பதுக்கும் கீழே. குளுக்கோஸ் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் கண் திறந்து, "கட்டஞ்சாயா கொண்டா" என்கிறார். வீட்டாருக்கு அதுவே போதும். "இனி கொண்டு போகலாமா, சாரே?" என்று கேட்கிறார்கள். கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், முதுமையில் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கும் உடலில் ஒரு நாளுக்கு மேலும் வேலை செய்யும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மீண்டும் தாழும். அது நள்ளிரவில் வீட்டில் நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே 24 மணி நேரமும், தேவையானால் அதற்கு மேலும், மணிக்கணக்கில் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே மருத்துவம் கேட்பதும் பாலிசி கேட்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் பாட்டி தெளிந்துவிட்டாரே என்று, மருத்துவர் சொல்லியும் கேளாமல் கையெழுத்திட்டு மாலையில் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பாதுகாப்பையும் இழக்கிறார்கள். காப்பீட்டுப் பணத்தையும் இழக்கிறார்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு வரும்போதும் இவ்வாறே. முதல் சி.டி. ஸ்கேன் இயல்பு என்றாலும் அவரை உடனே அனுப்ப எங்களுக்குத் துணிவு வராது.

இவ்விரு நிலைமைகளிலும் நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் காரணம் முக்கியமானது. 'சர்க்கரைத் தாழ்வு, திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால், தொலைவில் அமர்ந்து தாளைப் படிக்கும் காப்பீட்டு நிறுவன அலுவலருக்கு அது பத்து நிமிட வேலையாகவே தெரியும். எந்த மாத்திரையால் தாழ்ந்தது, சிறுநீரகத்தின் நிலை என்ன, மீண்டும் தாழக்கூடும் என்று நாங்கள் கருதியது ஏன், எத்தனை மணிக்கு ஒருமுறை சோதித்தோம் என்பவற்றை எழுதியிருந்தால் மறுப்பதற்கு இடம் குறையும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் வார்டை விட்டுப் போகுமுன் கேளுங்கள். கேட்டால் மருத்துவர் சினந்துகொள்வார் என்று அஞ்ச வேண்டாம். உண்மையில் நடந்ததை முழுமையாக எழுதுவது எங்கள் கடமை.

நடக்காததை எழுதச் சொல்வது வேறு. நெஞ்சுவலியோடு வந்த பெரியவரை 14 மணி நேரத்தில் அனுப்பலாம் என்று சொன்னதும், மகனோ மருமகனோ தயங்கித் தயங்கி எங்கள் அறைக்கு வருவது வழக்கம். "ராத்திரி வரைக்கும் வச்சிருங்க, சாரே. 24 மணிக்கூர் ஆயிட்டா இன்சூரன்ஸ் கிட்டும்." சிலர் சேர்க்கை நேரத்தை முன்னே தள்ளி எழுத முடியுமா என்றும் கேட்பார்கள். மாதந்தோறும் பிரீமியம் கட்டியும் கிடைக்காமற்போகிறதே என்னும் ஆற்றாமை அதிலுள்ளது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் நான் மறுத்துவிடுவேன். நேரத்தை மாற்றி எழுதுவது மோசடி. அது தெரியவந்தால் இந்த க்ளெய்ம் மட்டுமன்றி, பாலிசியே ரத்தாகலாம். எழுபது வயதுக்கு மேல் புதிய பாலிசி பெறுவது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தேவையின்றி ஓர் இரவு கூடுதலாக வைத்திருப்பதை நான் மறுப்பதற்குக் காரணம் மருத்துவம் சார்ந்தது. முதியவருக்கு மருத்துவமனைப் படுக்கை தீங்கற்ற இடம் அன்று. வீட்டில் தெளிவாக இருந்தவர், அறிமுகமில்லா அறையில், விளக்கணையாத வார்டில், இரண்டாம் இரவு மனக்குழப்பமடைந்து, கையிலுள்ள ஊசியைப் பிடுங்கி எறிவதைக் கண்ட குடும்பங்கள் இதைப் படிப்போரில் பலர் இருப்பீர்கள். 2007-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நலமான முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது அவர்களின் கால்களில் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்தது. கழிவறைக்குப் போகும் வழியில் விழுவதும், மருத்துவமனைக்கே உரிய எதிர்ப்புமிக்க கிருமிகள் தொற்றுவதும் இவற்றோடு சேரும். சில ஆயிரம் ரூபாயைக் காப்பீட்டிலிருந்து பெறுவதற்காக இவற்றை ஏற்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. படுக்கை நிரம்பினால் மருத்துவமனைக்கு வருமானம் என்பதும், நான் அம்மருத்துவமனையில் ஊதியம் பெறுபவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனாலேயே இதில் எங்களிடம் கூடுதல் கண்டிப்பை நீங்கள் எதிர்பார்க்க வேண்டும்.

ஆனால் விதி சரியா? இல்லை என்பதே என் கருத்து. மருத்துவமனையில் சேர்ந்தாலே நாள்கணக்கில் தங்கிய காலத்துக்கு 24 மணி நேரம் என்பது நியாயமான அளவுகோலாக இருந்திருக்கலாம். இன்று சோதனைகள் விரைவாக முடிகின்றன; ஆபத்து உண்டா இல்லையா என்பதை 12 மணி நேரத்தில் சொல்லிவிட முடிகிறது. அந்த 12 மணி நேரத்தில் ஆகும் வேலை பழைய மூன்று நாள் வேலைக்குச் சமம். விரைவாக முடித்த மருத்துவருக்கும் விரைவாகத் தேறிய நோயாளிக்கும் விதி தண்டனை தருகிறது. மெதுவாக முடிப்பவருக்கு வழிவிடுகிறது. பகல்நேர சிகிச்சைப் பட்டியல் நீண்டுகொண்டே போனாலும் அதில் இடம்பெறுபவை பெரும்பாலும் அறுவையும் செயல்முறைகளுமே. கண்காணிப்பு என்பது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. முதியோர் மருத்துவத்தில் பாதி கண்காணிப்புதான்.

நீதிமன்றங்களும் இதனைக் கவனித்திருக்கின்றன. 2023 மார்ச்சில் குஜராத்தின் வதோதரா மாவட்ட நுகர்வோர் மன்றம், நவீன சிகிச்சை முறைகளாலும் மருந்துகளாலும் நோயாளி 24 மணி நேரத்துக்குள் தேறிவிடக்கூடும், அதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் தலைவர் நீதிபதி அமரேஷ்வர் பிரதாப் சாஹியும் இப்பிரச்சினையைப் பொதுமேடையில் எழுப்பினார். ஆனால் மாவட்ட மன்றத் தீர்ப்பு அந்தந்த வழக்குக்கே உரியது. பாலிசித் தாளில் உள்ள 24 என்னும் எண் அங்கேயேதான் இருக்கிறது.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் நாகர்கோவில் பெற்றோர் சிலர், "அங்கெல்லாம் இப்படி இல்லையே" என்பார்கள். அங்கும் இருக்கிறது, வேறு உருவில் இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மெடிகேர் திட்டத்தில் உள்நோயாளிக்கு ஒரு பிரிவும், கண்காணிப்பில் இருப்பவருக்கு வேறு பிரிவும் பணம் தருகின்றன. ஒரே வார்டில், ஒரே படுக்கையில், மூன்று இரவு கிடந்தாலும் தாளில் 'கண்காணிப்பு' என்று எழுதியிருந்தால் அவர் புறநோயாளியே. அதன்பின் பராமரிப்பு இல்லத்தில் தங்கும் செலவை மெடிகேர் ஏற்பதற்கு மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதியாதலால், பல முதியோர் அச்செலவைத் தாமே சுமக்க நேர்ந்தது. இரண்டு நள்ளிரவைக் கடந்து தங்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் கருதினால் உள்நோயாளியாகக் கொள்ளலாம் என்னும் விதி 2013-இல் வந்தது. நாம் பின்பற்றத் தகுந்தது 2017-இல் நடைமுறைக்கு வந்த வேறொன்று. 24 மணி நேரத்துக்கு மேல் கண்காணிப்பில் வைக்கப்பட்டவருக்கு, 'நீங்கள் உள்நோயாளி அல்லர், ஆகையால் செலவு இவ்வாறு அமையும்' என்று மருத்துவமனை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என அந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

மாற்றத்துக்கான மாதிரியைத் தேடி அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அங்கேயும் கடிகாரம் உண்டு. ஆனால் அது நோயாளி வந்த முதல் மணியிலிருந்து பணம் கொடுக்கத் தொடங்குகிறது. மருத்துவக் காப்பீட்டின் கடிகாரம், 24 மணி முடியும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. விபத்துக்கு ஏற்றுக்கொண்ட நியாயத்தை, எழுபது வயதானவரின் நெஞ்சுவலிக்கும் மயக்கத்துக்கும் தலையடிக்கும் ஏற்றுக்கொள்வதில் என்ன தடை? அவசரப் பிரிவுக் கண்காணிப்பு 6 மணி நேரத்தைக் கடந்தால், மருத்துவர் எழுத்தில் காரணம் தந்தால், அதற்கென ஓர் உச்சவரம்போடு பணம் தரலாம். அப்படிச் செய்தால், 24 மணி நேரத்தை நிரப்புவதற்காகவே நடக்கும் தேவையற்ற சேர்க்கைகள் குறையும். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதனால் இழப்பு வருமென்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயது கடந்தோர் 2021-இல் 13.6 விழுக்காடாக இருப்பர் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இளையோர் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போய்விட, முதியோர் மட்டும் இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை என்பதை இரவில் அவசரப் பிரிவில் நின்றாலே உணரலாம். இது அவர்களுக்கு நாளைக்கு வரப்போகும் சிக்கல் அன்று.

அரசுத் திட்டங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு 2018-இல் இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அளிக்கிறது. இதில் நோய்க்கும் சிகிச்சைக்கும் ஏற்ப நிர்ணயித்த தொகை உண்டு. முன் அனுமதி பெற வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு அனுமதி கிடைத்துவிட்டால் அதற்காக மருத்துவமனை உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆனால் பட்டியலில் இல்லாத, சில மணி நேரக் கண்காணிப்பு இதிலும் பொதுவாகச் சேராது. பெற்றோருக்குத் தனி ரேஷன் அட்டை இருந்தால், மகனின் காப்பீட்டு அட்டையில் அவர்கள் இருக்கிறார்களா என்பதை இன்றே பாருங்கள். இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெற்று, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இலவசத் தொலைபேசி எண் 1800 425 3993.

70 வயது நிறைந்த எல்லாருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய வய வந்தனா அட்டையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதுவும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் பட்டியலிட்ட பகல்நேர சிகிச்சைக்குமான திட்டமே. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்குப் பயன்படாது. எந்த மருத்துவமனைக்குப் போகிறீர்களோ, அங்கே அந்த அட்டை செல்லுமா என்று காப்பீட்டு முகப்பில் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். 14555 என்னும் எண்ணிலும் கேட்கலாம். மாதாந்திர மருந்துக்கு, அதாவது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறது. வசதியானவர்கள்கூட அதனைத் தயங்காமல் பெறலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும், ஓய்வூதியத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யும் திட்டத்தின்கீழ் வருவோர். அவர்களுக்கு 5 லட்சம் என்பது நான்கு ஆண்டுக்குச் சேர்த்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உள்நோயாளியாகச் சேர்ந்துவிட்டாலே முழுப் பணமும் வந்துவிடும் என்பதும் இல்லை. அறை வாடகை வரம்பு ஒன்று இருக்கிறது. ஒரு கணக்கு பாருங்கள். பாலிசி நாளொன்றுக்கு 4,000 ரூபாய் அறைக்குத்தான் தரும்; நீங்கள் 8,000 ரூபாய் அறையில் மூன்று நாள் இருந்தீர்கள். அறைக்கு 24,000; மருத்துவர், செவிலியர் முதலிய கட்டணம் 40,000; மருந்தும் சோதனையும் 30,000; ஆக மொத்தம் 94,000. அறை வாடகையில் பாதி வெட்டுப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே விகிதத்தில் மருத்துவர், செவிலியர் கட்டணத்திலும் பாதி வெட்டுப்படும் என்பது தெரியாது. மருந்து, சோதனை ஆகியவற்றில் இவ்வாறு விகிதமாக வெட்டக் கூடாது. ஆக 62,000 ஏற்கப்படும். முதியோர் பாலிசியில் 20 விழுக்காடு தாமே ஏற்க வேண்டும் என்று இருந்தால் 49,600 வரும். மீதி 44,400 உங்கள் கையிலிருந்து. நான்கு பேர் பார்க்க வருவார்கள், நல்ல அறையாக இருக்கட்டும் என்று எடுத்த முடிவின் விலை அது. அப்பாவுக்கு நல்ல அறை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்னும் பிள்ளையின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. பாலிசியைப் பார்த்துவிட்டு எடுங்கள் என்கிறேன்.

திருவனந்தபுரத்துக்கு மாற்றிச் செல்வோருக்கு ஒரு குறிப்பு. இங்கே 15 மணி நேரம் இருந்துவிட்டு, மேல்சிகிச்சைக்கு அங்கே போனால், நம் மருத்துவமனைக் கட்டணம் 24 மணி நேரத்துக்குக் குறைவு என்று தனியாக நின்றுவிடும். ஆனால் சேர்க்கைக்கு முந்தைய நாள்களில், பெரும்பாலும் 30 நாள், அதே நோய்க்காகச் செய்த செலவைப் பாலிசி ஏற்கும். அங்கே நடக்கும் சேர்க்கைக்கான க்ளெய்ம் ஏற்கப்பட்டால், இங்கே கட்டிய பணத்தையும் 'முன்செலவு' என்று சேர்த்துக் கேட்கலாம். அதற்கு எங்கள் ரசீதுகளின் மூலமும், என்ன நோய்க்காக மாற்றி அனுப்பினோம் என்னும் கடிதமும் வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் அவசரத்திலும் இவ்விரண்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். இதே காரணத்தால், சேர்க்கை என்று எழுதப்படும்போது அதற்கு முந்தைய மாதத்து ஸ்கேனும் பிந்தைய இரண்டு மாத மருந்தும்கூடக் கிடைக்க வாய்ப்புண்டு. புறநோயாளி என்றால் அவையும் போயின.

அவசரச் சேர்க்கை என்றால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாலிசி எண் துபாயில் இருக்கும் மகனின் கைப்பேசியில் மட்டும் இருந்தால் அது நடக்காது. ஒரு நகல் வீட்டில், பாட்டியின் மாத்திரைப் பெட்டியோடு இருக்கட்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும்; டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதனை ஏற்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம். மாலை வரை வார்டில் காக்க வைக்கப்பட்டால் இவ்விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

சேர்க்கும் நேரத்திலேயே, 'உங்கள் நிலை இது, இத்தனை மணிக்குப் பதிவானது, இதனால் காப்பீடு கிடைக்கும் அல்லது கிடைக்காது' என்று ஒரு துண்டுச் சீட்டை எங்கள் மருத்துவமனை உட்பட எல்லா மருத்துவமனைகளும் தமிழில் தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் கழிந்த பிறகு சேர்க்கை பதிவானால், அந்த ஆறு மணி நேரம் கணக்கில் வராமற்போகலாம். ஆகவே நேரம் முக்கியம்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால், பாலிசியின் எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பதும் அதே 2024 சுற்றறிக்கையில் உள்ளது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஆம்புட்ஸ்மேனுக்கு, விண்ணப்பிக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம், இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், காணொளி வழியாகவும் விசாரணை நடைபெறுவதால் சென்னைக்குப் பயணம் செய்ய வேண்டியதில்லை. முதல்படி தெரியாதவர்கள் 155255 என்னும் எண்ணை அழைக்கலாம். சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவரின் விளக்கக் கடிதம் வேண்டுமென்றால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடும் மறுப்புக் கடிதத்தோடும் புறநோயாளிப் பிரிவு நேரத்தில் வாருங்கள். நடந்தது எதுவோ அதை எழுதித் தருகிறோம்.